துணைமை ஆதாரமும் வரலாற்று உண்மையும்: டுபாய்ஸின் மறுசீரமைப்புக் கால ஆய்வை முன்வைத்து

முன்னுரை

ஆய்வுக்குரிய சான்றுகளை முதன்மை ஆதாரம், துணைமை ஆதாரம் என இரண்டாகப் பகுத்துக் காண்பது ஆய்வுலக மரபாகும். நிகழ்ச்சி நடந்த காலத்திலேயே தோன்றிய கடிதம், நாட்குறிப்பு, சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்பு, நீதிமன்றப் பதிவு முதலியன முதன்மை ஆதாரங்கள். அவற்றைக் கொண்டு பின்வந்தோர் எழுதிய நூல்களும் கட்டுரைகளும் துணைமை ஆதாரங்கள். இவ்விரண்டனுள் முன்னது நம்பத்தக்கது, பின்னது முன்னதற்கு வழிகாட்டும் அளவிலேயே பயன்படுவது என்னும் கருத்து ஆய்வு நெறிமுறை நூல்களில் பெரிதும் வலியுறுத்தப்படுகிறது. இக்கருத்து பொதுநிலையில் ஏற்கத்தக்கதே. எனினும், ஆதாரத்தின் தரம் ஒன்றே ஆய்வு முடிவின் தரத்தை உறுதிசெய்துவிடுமா என்னும் வினா எஞ்சி நிற்கிறது.

இவ்வினாவிற்கு விடை காணத்தக்க களமாக அமெரிக்க வரலாற்றின் மறுசீரமைப்புக் காலம் (1865–1877) அமைந்துள்ளது. அக்காலம் பற்றி ஆவணங்களை நேரில் கண்டு எழுதியவர்கள் பிழைபட்ட முடிவுகளை நிறுவினர். ஆவணக் காப்பகங்களை அணுக இயலாது, பெரும்பாலும் பிறர் நூல்களைக் கொண்டே எழுதிய டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ் (1868–1963) அம்முடிவுகளைத் தகர்த்தார். அவர் 1935இல் வெளியிட்ட 'பிளாக் ரீகன்ஸ்ட்ரக்ஷன் இன் அமெரிக்கா' என்னும் நூலில் துணைமை ஆதாரங்கள் பயன்படுத்தப்பட்டுள்ள முறையையும், அம்முறையின் வலிமையையும் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

மறுசீரமைப்புக் காலமும் டன்னிங் பள்ளியும்

1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிவுற்றது. அவ்வாண்டு ஏற்கப்பட்ட 13ஆம் அரசமைப்புத் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. 1868இல் ஏற்கப்பட்ட 14ஆம் திருத்தம் குடியுரிமையையும் சட்டத்தின்முன் சமப் பாதுகாப்பையும் உறுதிசெய்தது. 1870இல் ஏற்கப்பட்ட 15ஆம் திருத்தம் இனம், நிறம், முன்னைய அடிமைநிலை ஆகியவற்றைக் காரணமாக்கி வாக்குரிமையை மறுத்தலைத் தடைசெய்தது. தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் வாக்களித்தனர், சட்டமன்றங்களில் அமர்ந்தனர். 1870இல் மிசிசிப்பி மாநிலத்தைச் சார்ந்த ஹைரம் ரெவெல்ஸ் அமெரிக்க மேலவையின் முதல் கறுப்பின உறுப்பினரானார். 1877இல் கூட்டாட்சி அரசு தென் மாநிலங்களிலிருந்து தன் காவலை விலக்கிக்கொண்டதோடு இம்முயற்சி வீழ்ச்சியுற்றது. அதன்பின் வாக்குரிமை படிப்படியாகப் பறிக்கப்பட்டது.

இக்காலத்தைப் பற்றிய ஆய்வுகளைக் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஆர்ச்சிபால்ட் டன்னிங் (1857–1922) நெறிப்படுத்தினார். அவர்தம் நூல் 1907இல் வெளிவந்தது. அவரிடம் பயின்ற ஆய்வாளர்கள் மாநிலந்தோறும் தனித்தனி ஆய்வுகளை மேற்கொண்டனர். மிசிசிப்பி பற்றி ஜேம்ஸ் கார்னர் (1901), அலபாமா பற்றி வால்டர் பிளெமிங் (1905), வட கரோலினா பற்றி டி ரூலாக் ஹாமில்டன் (1914) ஆகியோர் எழுதிய நூல்கள் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இவர்கள் கூர்ந்த உழைப்பாளிகள். செய்தித்தாள்கள், சட்டங்கள், அரசு அறிக்கைகள், தனிமனிதர் தாள்கள் ஆகியவற்றைத் தேடிப் படித்தவர்கள். அன்றைய ஆய்வு நெறி வேண்டிய முதன்மை ஆதாரங்கள் இவர்கள் நூல்களில் நிறைந்துள்ளன.

ஆயினும், இப்பள்ளியின் பொதுமுடிவு ஒன்றாகவே இருந்தது. கறுப்பின மக்கள் ஆட்சிக்குத் தகுதியற்றவர்கள். அவர்களுக்கு வாக்குரிமை அளித்தது பெரும் பிழை. அக்காலம் ஊழலும் சீர்கேடும் மலிந்தது. வெள்ளையர் ஆட்சி மீண்டதே மீட்பு என்பது அதன் சாரம். 'கறுப்பினத்தவர் ஆட்சி' என்னும் தொடரே உண்மைக்கு மாறானது. மாநிலச் சட்டமன்றத்தின் கீழவையில் கறுப்பினத்தவர் பெரும்பான்மை பெற்றது தென் கரோலினா ஒன்றில்தான். கறுப்பினத்தவர் எவரும் எம்மாநிலத்திலும் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. லூசியானாவில் பிஞ்ச்பேக் என்பவர் 1872–73இல் சில வாரங்கள் பொறுப்பு ஆளுநராக இருந்தார், அவ்வளவே. இவ்விவரங்கள் ஆவணங்களில் மறைந்து கிடந்தவை அல்ல, எவரும் காணக்கூடியவை. எனவே, பிழை ஆதாரக் குறைவினால் நேர்ந்ததன்று என்பது தெளிவு. எவர் கூற்றைச் சான்றாக ஏற்பது, எவர் கூற்றைப் புறந்தள்ளுவது என்று ஆய்வு தொடங்கும் முன்பே முடிவுசெய்யப்பட்டுவிட்டது.

இதற்குத் தக்க எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. கூ கிளக்ஸ் கிளான் அமைப்பின் வன்முறை குறித்து அமெரிக்கப் பேரவை 1871இல் விசாரணை நடத்தியது. கறுப்பின ஆண்களும் பெண்களும் நேரில் வந்து அளித்த வாக்குமூலங்கள் உள்ளிட்ட அவ்விசாரணை 1872இல் 13 தொகுதிகளாக அச்சிடப்பட்டது. முதன்மை ஆதாரம் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று இல்லை. அது நூலகங்களில் இருந்தும் அச்சாட்சியங்களின் பொருள் அரை நூற்றாண்டுக்கு மேலாக வரலாற்று நூல்களின் மையத்துக்கு வரவில்லை.

மேற்கோள் சங்கிலி

ஒரு நூலின் கூற்றை மற்றொரு நூல் எடுத்தாள, அதனைப் பிறிதொன்று எடுத்தாளும்போது கூற்றின் வலிமை பெருகுவதுபோல் தோன்றும். உண்மையில் சாட்சி ஒன்றே. பெருகியது மேற்கோள் மட்டுமே.

வட மாநிலமான மெய்னைச் சார்ந்த இதழாளர் ஜேம்ஸ் பைக் தென் கரோலினாவின் நிலையை விவரித்து 1874இல் 'தி பிராஸ்ட்ரேட் ஸ்டேட்' என்னும் நூலை வெளியிட்டார். அம்மாநிலச் சட்டமன்றத்தை அறியாமையின் கூடமாக அந்நூல் சித்திரித்தது. பைக் அடிமைமுறையை எதிர்த்தவர், குடியரசுக் கட்சியினர். ஆதலின், அவர் கூற்றுக்கு நடுநிலைச் சாட்சியின் மதிப்புக் கிடைத்தது. பின்வந்த வரலாற்றாசிரியர்கள் அதனைக் கண்ணால் கண்டவர் சான்றாகப் போற்றினர். ஆனால், தென் கரோலினாவிற்குச் செல்லும் முன்பே, 1872இல், அம்மாநில வெள்ளையர் தலைவர் ஒருவரிடம் கேட்டறிந்தவற்றைக் கொண்டு அதே கருத்துடைய கட்டுரையைப் பைக் எழுதியிருந்தார். ராபர்ட் டர்டன் 1957இல் வெளியிட்ட ஆய்வு, பைக் நடுநிலைச் சாட்சி அல்லர் என்பதை நிறுவியது. சங்கிலியின் முதற்கண்ணியைச் சோதிக்க எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இச்சங்கிலி கல்விக்கூடத்தோடு நிற்கவில்லை. வரலாற்றாசிரியராக இருந்து குடியரசுத் தலைவரான உட்ரோ வில்சனின் 1902ஆம் ஆண்டு வரலாற்று நூற்பகுதிகள், 1915இல் வெளியான 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' என்னும் திரைப்படத்தில் எழுத்துருக்களாகக் காட்டப்பட்டன. கூ கிளக்ஸ் கிளான் அமைப்பை மீட்பர்களாகக் காட்டிய அப்படத்திற்கு வரலாற்று நூலின் முத்திரை கிடைத்தது. 1929இல் இதழாளர் கிளாட் பவர்ஸ் எழுதிய 'தி டிராஜிக் இரா' இக்கருத்தைப் பொதுமக்களிடம் பரப்பியது. ஜான் எப். கென்னடியின் பெயரில் 1956இல் வெளிவந்த 'புரொபைல்ஸ் இன் கரேஜ்' என்னும் நூலும் மிசிசிப்பி ஆளுநராக இருந்த அடெல்பர்ட் ஏம்ஸை இம்மரபு வழியிலேயே சித்திரித்தது. ஏம்ஸின் மகள் பிளாஞ்ச் ஏம்ஸ் திருத்தம் வேண்டிக் கடிதங்கள் எழுதினார், பயன் விளையவில்லை. பின்னர்த் தம் தந்தையின் வரலாற்றைத் தாமே எழுதி 1964இல் வெளியிட்டார். துணைமை ஆதாரத்தை வினவாது ஏற்கும் வழக்கம் எத்துணை நீண்ட காலம் தொடரவல்லது என்பதற்கு இது சான்றாகும்.

மறுப்பு எழாமல் இல்லை. அடிமையாகப் பிறந்து, மிசிசிப்பி சட்டமன்றத் தலைவராகவும் அமெரிக்கப் பேரவை உறுப்பினராகவும் விளங்கிய ஜான் லிஞ்ச் 1913இல் 'தி பேக்ட்ஸ் ஆஃப் ரீகன்ஸ்ட்ரக்ஷன்' என்னும் நூலை எழுதினார். வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் போர்டு ரோட்ஸின் பிழைகளைச் சுட்டி 1917இல் கட்டுரையும் வெளியிட்டார். நிகழ்ச்சிகளில் பங்கேற்றவரின் நேர்ச்சான்று அது. ஆயினும், பைக்கின் கூற்றுக்குக் கிடைத்த மதிப்பு லிஞ்சின் கூற்றுக்குக் கிடைக்கவில்லை.

மூடப்பட்ட காப்பகங்கள்

1909 டிசம்பரில் நியூயார்க்கில் கூடிய அமெரிக்க வரலாற்றுக் கழக மாநாட்டில் டுபாய்ஸ், மறுசீரமைப்புக் காலத்தின் நன்மைகள் குறித்துக் கட்டுரை வாசித்தார். மக்களாட்சி, கட்டணமில்லாப் பொதுப்பள்ளி, புதிய சமூகச் சட்டங்கள் ஆகிய மூன்றும் அக்காலம் தென் மாநிலங்களுக்கு அளித்த கொடை என்பது அவர் வாதம். அக்கட்டுரை 1910இல் கழகத்தின் இதழில் வெளியாயிற்று. தம் இனத்தைக் குறிக்கும் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கி அச்சிட வேண்டும் என்னும் அவர் வேண்டுகோள் மறுக்கப்பட்டது. அக்கட்டுரை அன்றைய ஆய்வுப் போக்கை மாற்றவில்லை. கால் நூற்றாண்டுக்குப் பின்னரே அவ்வாதம் பெருநூலாக விரிந்தது.

அந்நூல் பெரிதும் துணைமை ஆதாரங்களைச் சார்ந்தது என்பதையும், காலமும் பொருளும் வாய்ப்பும் கிட்டியிருப்பின் மூல ஆவணங்களுக்குச் சென்றிருக்கலாம் என்பதையும் டுபாய்ஸே இறுதி இயலில் ஒப்புக்கொள்கிறார். இதனை ஆசிரியரின் குறையாக மட்டும் காண்பது பொருந்தாது. தென் மாநில ஆவணக் காப்பகங்கள் அன்று நிறப்பாகுபாட்டிற்கு உட்பட்டவை. கறுப்பின ஆய்வாளருக்கு அங்கே இருக்கையே உறுதியில்லை. 1939இல் வட கரோலினாவின் ராலே நகரக் காப்பகத்திற்குச் சென்ற வரலாற்றாசிரியர் ஜான் ஹோப் பிராங்கிளினின் பட்டறிவு இதனை விளக்கும். கறுப்பினத்தவர் எவரும் ஆய்வு செய்ய வருவர் என எண்ணி அக்கட்டடம் அமைக்கப்படவில்லை என அவரிடம் கூறப்பட்டது. தனியறை ஒன்று ஒழுங்கு செய்யப்பட்டது. வெள்ளையரான பணியாளர் அவருக்கு ஆவணம் எடுத்துத்தர வேண்டியிராதபடி ஆவண அடுக்குகளின் திறவுகோல் அவரிடமே தரப்பட்டது. தமக்கில்லாத வசதி அவருக்குக் கிடைத்ததெனப் பிற ஆய்வாளர்கள் முறையிடவே, சில வாரங்களிலேயே அத்திறவுகோல் திரும்பப் பெறப்பட்டது.

இந்நிகழ்ச்சி ஆய்வு நெறிமுறை பற்றிய ஓர் உண்மையை உணர்த்துகிறது. முதன்மை ஆதாரத்தை அணுகும் உரிமை அனைவர்க்கும் ஒப்ப வழங்கப்பட்டதன்று. அவ்வுரிமை மறுக்கப்பட்டவர்கள் எழுதிய வரலாற்றை, அவர்கள் மூல ஆவணம் காணவில்லை என்னும் காரணம் காட்டித் தள்ளுவது கதவை அடைத்தவர்க்கே தீர்ப்புரிமையையும் தருவதாகும்.

பகைநூலில் கிடைத்த சான்று

டுபாய்ஸ் எதிர்கொண்ட சிக்கல் தனித்தன்மை உடையது. அவர் கையிலிருந்த மாநில வரலாறுகளுள் பெரும்பாலானவை, கறுப்பின மக்கள் ஆளத் தகுதியற்றவர்கள் என நம்பியவர்களால் எழுதப்பட்டவை. அவற்றைக் கொண்டே அந்நம்பிக்கையை மறுக்க வேண்டியிருந்தது.

தமிழாய்வாளர்களுக்கு இச்சிக்கல் முற்றிலும் புதிதன்று. மறைந்துபோன தமிழ் நூல்களின் பாடல்கள் பல, யாப்பருங்கல விருத்தி முதலிய உரைகளிலும் புறத்திரட்டு என்னும் தொகைநூலிலும் மேற்கோள்களாகவே எஞ்சியுள்ளன. உரையாசிரியர் ஒரு விதியை விளக்க எடுத்துக்காட்டிய செய்யுள், அவர் கருதாத மற்றொரு பயனை, மறைந்த நூலின் இருப்பை, உணர்த்துகிறது. மேற்கோளாளரின் நோக்கம் வேறு. மேற்கோளின் பயன் வேறு. டுபாய்ஸின் முறையும் இவ்வேறுபாட்டின்மீதே நிற்கிறது. ஆயினும், ஒரு வேற்றுமை கருதத்தக்கது. உரையாசிரியர் தாம் எடுத்தாண்ட செய்யுளின் பகைவர் அல்லர். டுபாய்ஸ் படித்த ஆசிரியர்களோ அவர் தேடிய உண்மையை மறுக்கும் நோக்குடன் எழுதியவர்கள். ஆதலின், அவர்கள் தம் கருத்துக்கு மாறாக ஒப்புக்கொள்ள நேர்ந்த செய்திகள் மிகுந்த நம்பகத்தன்மை உடையனவாகின்றன.

மாநில அரசமைப்புகள் பற்றிய வாதம் இதற்கு நல்ல சான்றாகும். 1868இல் கறுப்பினத்தவர் பங்கேற்ற மாநாடுகள் இயற்றிய அரசமைப்புகளை, அறியாமையின் விளைவு என எதிர்ப்பாளர்கள் இகழ்ந்தனர். ஆனால், வெள்ளையர் ஆட்சி மீண்ட பின்னரும் மிசிசிப்பியில் 1890 வரையும் தென் கரோலினாவில் 1895 வரையும் அவ்வரசமைப்புகளே நடைமுறையில் இருந்தன. அவை அறியாமையின் விளைவாயின், அவற்றை இகழ்ந்தவர்களே அத்தனை ஆண்டுகள் அவற்றின்கீழ் ஆட்சி நடத்தியது எவ்வாறு என்னும் வினா எழுகிறது. இவ்வினாவிற்குப் புதிய ஆவணம் எதுவும் தேவைப்படவில்லை. அனைவரும் அறிந்த ஆண்டுக் கணக்கை முறையாக அடுக்கிக் காண்பதே போதுமானதாயிற்று. பொதுப்பள்ளிகள் பற்றிய வாதமும் இத்தன்மையதே. ஊழலைப் பக்கம் பக்கமாக விவரித்த நூல்களே பள்ளிக் கல்விக்கான ஏற்பாடுகளையும் போகிற போக்கில் பதிவுசெய்துள்ளன. ஒரு நூலில் ஓரத்தில் கிடந்த செய்தியை டுபாய்ஸ் மையத்திற்குக் கொணர்கிறார்.

நூலடைவே திறனாய்வாதல்

ஆய்வேட்டின் இறுதியில் இணைக்கப்படும் நூலடைவு அகரவரிசைப் பட்டியலாக அமைவதே வழக்கம். டுபாய்ஸின் நூலடைவு இவ்வழக்கிலிருந்து வேறுபடுகிறது. அவர் ஆசிரியர்களை அவர்தம் நிலைப்பாட்டின்படி வகைப்படுத்துகிறார். கறுப்பின மக்களைத் தாழ்ந்தோராகக் கருதும், ஆனால் தரமானவை எனப் போற்றப்பட்ட நூல்கள் ஒரு வகை. ஒரு கட்சியை நிறுவுவதற்காகச் செய்திகளைத் தெரிந்தெடுக்கும் பரப்புரை நூல்கள் மற்றொரு வகை. ஓரளவு நடுநிலையானவை, பரிவுடன் எழுதப்பட்டவை, கறுப்பின வரலாற்றாசிரியர் எழுதியவை, அரசு அறிக்கைகள் என அப்பகுப்பு நீள்கிறது. எந்நூலைப் படித்தார் என்பதோடு எவ்வாறு படித்தார் என்பதையும் நூலடைவு தெரிவித்துவிடுகிறது.

இப்பகுப்பு வெறும் பகைமையால் எழுந்ததன்று. டன்னிங்கிடம் பயின்றவரேயாயினும், கார்னர் கறுப்பின மக்களை மனிதராகவே கருதி எழுதியுள்ளார் என்பதை டுபாய்ஸ் ஏற்றுப் பாராட்டுகிறார். பள்ளியின் பெயர் கொண்டு நூலை அளவிடாது, நூலையே படித்து அளவிடும் நேர்மை இது. மறுபுறம், பிளெமிங் தொகுத்த ஆவணத் திரட்டு (1906–1907) முதன்மை ஆதாரங்களின் தொகுப்பாயினும், தொகுப்பாளர் தம் கோட்பாட்டிற்கு ஏற்பவே ஆவணங்களைத் தெரிந்தெடுத்துள்ளார் என அவர் சுட்டுகிறார். இது ஆழ்ந்து எண்ணத்தக்க கருத்து. ஆவணம் முதன்மையானதே, ஆனால் தெரிவு என்னும் செயல் துணைமை ஆதாரத்தின் இயல்பை அதற்கு அளித்துவிடுகிறது. முதன்மை, துணைமை என்னும் எல்லைக்கோடு அத்துணைத் தெளிவானதன்று என்பது இதனால் புலனாகிறது.

டுபாய்ஸ் நூலின் எல்லைகள்

இம்முறைக்கு எல்லைகள் இல்லாமல் இல்லை. பிறர் நூல்கள் பதிவுசெய்யாதுவிட்டதை, அவற்றை எத்துணை நுணுகிப் படித்தாலும், பெற இயலாது. சிற்றூர்களில் நிலத்திற்கும் கூலிக்கும் நடந்த போராட்டங்கள், குடும்ப வாழ்க்கை, பெண்களின் பங்கு ஆகியன டுபாய்ஸின் நூலில் போதிய அளவு இடம்பெறவில்லை. நீண்ட மேற்கோள்கள் பல இடங்களில் வாதத்தின் ஓட்டத்தைத் தடுக்கின்றன. சான்று மெலிந்த இடங்களில் கோட்பாடு முந்திக்கொள்வதும் உண்டு. தென் கரோலினா பற்றிய இயலுக்குக் கறுப்பினப் பாட்டாளிகளின் சர்வாதிகாரம் என்னும் பொருள்படத் தலைப்பிட எண்ணி, மறுப்புகள் எழுந்தபின் அவர் அதனை மாற்றிக்கொண்டமை இப்போக்கைக் காட்டும்.

இவ்வெல்லைகளைக் கடக்க முதன்மை ஆதாரங்களே துணைநின்றன. எரிக் போனர் 1988இல் வெளியிட்ட மறுசீரமைப்புக் கால வரலாறு, விடுதலை பெற்றோர் நலப் பணியகத்தின் பதிவுகளையும் தென் மாநில ஆளுநர்களுக்கு எளிய மக்கள் எழுதிய கடிதங்களையும் விரிவாகப் பயன்படுத்தியது. அந்நூல் டுபாய்ஸின் அடிப்படை வாதத்தை உறுதிசெய்து, நுணுக்கங்களைத் திருத்தியது. மறுசீரமைப்புக் காலத்தில் பதவி வகித்த ஏறத்தாழ 1,500 கறுப்பினத்தவர் பற்றிய விவரங்களைப் போனர் 1993இல் தனி நூலாகவும் தொகுத்தார். ஆயினும், அக்கடிதங்கள் நெடுங்காலம் காப்பகங்களில் இருந்தவையே. அவற்றைத் தேடிச் செல்வதற்கு உரிய வினாவை எழுப்பித் தந்தவர் டுபாய்ஸ் என்பது மறுக்கவியலாதது. 1910இல் அவர் கட்டுரையை வெளியிட்ட அதே இதழ், 1935இல் வெளிவந்த அவர் நூலுக்கு அக்காலத்தில் மதிப்புரை வெளியிடவில்லை. 2022ஆம் ஆண்டிலேயே அக்குறை நீக்கப்பட்டது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன சில. துணைமை ஆதாரம் என்பது செய்திகளைச் சுமந்துவரும் வெறும் கலம் அன்று. அது தன் காலத்தின் தேவையையும் அச்சத்தையும் சார்பையும் உடன் சுமந்துவரும் பனுவல். டன்னிங் பள்ளியின் நூல்கள் 1865–1877 காலத்தைப் பற்றிக் கூறுவதைவிட, வாக்குரிமை பறிக்கப்பட்ட தங்கள் காலத்தைப் பற்றி மிகுதியாகக் கூறுகின்றன. அவ்வாறு படிக்கும்போது பிழைபட்ட நூலும் சான்றாகிறது.

அமெரிக்க வரலாற்றை இந்தியாவிலிருந்து பயில்வோர் துணைமை ஆதாரங்களையே பெரிதும் சார வேண்டியுள்ளது. மூல ஆவணங்கள் பல இன்று இணையவழி கிடைப்பினும் இந்நிலை முற்றும் மாறிவிடவில்லை. இது நாணத்தக்க குறையன்று. பொறுப்புடன் கையாள வேண்டிய நிலை. ஒரு நூல் எவர் சாட்சியத்தை ஏற்றது, எவர் சாட்சியத்தை விடுத்தது. அதன் மேற்கோள் சங்கிலி எந்த முதற்சாட்சியிடம் சென்று முடிகிறது. தன் நோக்கத்திற்கு மாறாக அது ஒப்புக்கொண்டது யாது. அது எக்காலத் தேவைக்காக எழுதப்பட்டது என்னும் வினாக்களை ஒவ்வொரு நூலிடமும் எழுப்புதல் வேண்டும்.

பிழைபட்ட வரலாற்றின் விலை ஏட்டளவில் நின்றதன்று. தென் மாநிலக் கறுப்பின மக்கள் வாக்குரிமையை நடைமுறையில் மீளப்பெற 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வுரிமை மறுப்பு முறையானதே என்னும் எண்ணத்திற்குக் கல்விசார் மதிப்பை வழங்கியவை, அடிக்குறிப்புகள் நிறைந்த ஆய்வு நூல்களே. ஒரு நூலின் அடிக்குறிப்புகளை எண்ணுவதோடு ஆய்வாளர் கடமை முடிவதில்லை என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.